உப்பைக் குறைத்த இடத்தில்

வீட்டில் அவளுக்கு விஞ்ஞானி என்று பெயர். வைத்தவன் அண்ணன். அதில் பெருமை பாதி, கிண்டல் பாதி. குக்கர் விசில் வராவிட்டாலும் ரேடியோ கரகரத்தாலும் "எங்கே நம்ம விஞ்ஞானி?" என்பான். அவளுக்கோ அந்த இரண்டிலும் அனா ஆவன்னா தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சிறுநீரகத்துக்குள் ஓடும் மெல்லிய குழாயின் கடைசித் திருப்பத்தில் இருக்கும் ஒரு வகைச் செல். அதைப் பற்றி யாராவது கேட்டால்கூட வாய் திறந்து சொல்லமாட்டாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் சுபாவம்.

ஆய்வுக்கூடத்தில் அந்தச் செல்களைக் கட்டைவிரல் அகலக் கிண்ணங்களில் வளர்த்தாள். கிண்ணத்தின் அடிப்பாகம் நுண்ணிய சல்லடை. ஒன்பது நாளில் செல்கள் தோளோடு தோள் ஒட்டி அதன்மேல் பாய் விரித்தமாதிரி நிற்கும். தலை மேலே, கால் கீழே. சிறுநீரில் இருக்கும் சோடியம் தலைப்பக்கக் கதவு வழியாக உள்ளே வரும். கால்பக்கம் இருக்கும் பம்ப் அதை இரத்தத்துக்குள் தள்ளிவிடும். மூன்று சோடியத்தைத் தள்ளினால் இரண்டு பொட்டாசியத்தை இழுத்துக்கொள்ளும். அந்தப் பொட்டாசியம் தலைப்பக்கமாக இறங்கிச் சிறுநீரோடு போய்விடும். கதவுகளின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி உத்தரவு போட ஒரு ஹார்மோன் உண்டு. அந்த உத்தரவு செல்லின் காதில் விழாமல் தடுக்க ஒரு மருந்தும் உண்டு. மருந்தைக் கிண்ணத்தில் விட்டு, சோடியத்தின் ஓட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று மீட்டரில் பார்ப்பதுதான் அவள் வேலை. மூன்று வருஷமாகப் பார்க்கிறாள்.

அதே மருந்தை மாத்திரையாக அண்ணன் விழுங்க வேண்டிய நாள் வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அண்ணனுக்கு நாற்பத்திரண்டு வயது. லிஃப்ட் மெக்கானிக். பதினாலு மாடியைப் படியேறிப் போய் மோட்டாரைத் திறந்துவிட்டு, மூச்சு வாங்காமல் கீழே இருப்பவரிடம் போனில் வம்பளக்கிற ஆள். போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இதயத்தின் பலத்தில் பாதியைத் தூக்கிக்கொண்டு போனது. கால் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியில் சாய்ந்தபடி இரண்டு மாதம் தூங்கினான். மெதுவாகப் பேசும் இதய டாக்டர் நாலைந்து மாத்திரை எழுதினார். கடைசியாகச் சேர்த்த சின்ன வெள்ளை மாத்திரை அவளுடைய கிண்ணத்து மருந்து. அதற்குப் பிறகுதான் வீக்கம் வடிந்தது. நாற்காலியை விட்டுக் கட்டிலுக்கு வந்தவன் பத்தாம் நாள் தலையணையை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்தான். ஒரு மாதத்தில் தெருமுனை வரை நடந்துபோய் சவரம் செய்துகொண்டு வந்தான். அன்றைக்கு அண்ணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று அண்ணன் ஒருநாள் கேட்டான். அவனிடம் மட்டும் அவளுக்குப் பேச்சு வரும். காகிதத்தில் செல்லை வரைந்து கதவையும் பம்ப்பையும் காட்டினாள்.

"மூணு பேரை இறக்கிட்டு ரெண்டு பேரை ஏத்துற லிஃப்டா? எந்தக் கம்பெனி போட்டது?" என்றான். பிறகு நெற்றியைச் சொறிந்தபடி படத்தையே பார்த்தான். "சரி. மேல கதவை மூடிட்டா சோடியம் வராது. அப்போ வெளிய போக வேண்டிய உன் பொட்டாசியம் என்ன பண்ணும்?"

"போகாது. இரத்தத்திலயே நிக்கும். அதுக்குத்தான் மாசாமாசம் டெஸ்ட்" என்றாள். அது கூடினால் இதயத் துடிப்பே தடம் புரளும் என்பதையும் சொன்னாள். புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

வீட்டில் மூன்றே பேர். அண்ணி ஒரு சலவைக்கடையில் முன்மேசை வேலை பார்த்தாள். துணியை வாங்கி, அடையாளச் சீட்டுக் குத்தி, எந்தச் சட்டையில் எந்தப் பொத்தான் ஆடுகிறது என்பதுவரை குறித்துவைப்பாள். வீட்டிலும் அதே ஒழுங்கு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதுமே எடுத்த எடுப்பில் முக்கால் பங்கைக் குறைத்துவிட்டாள். அண்ணன் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லிவிட்டு, குப்பைக்கூடையைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு சாப்பிடுவான். சிரிப்பு வரும், ஆனால் பாதிச் சாப்பாடு தட்டிலேயே இருக்கும். ஆள் இளைத்துக்கொண்டு போனான்.

இதற்கு விஞ்ஞானி ஒரு வழி கண்டுபிடித்தாள். கடை அலமாரியில் பச்சை நிறப் பொட்டலம் ஒன்று இருந்தது. முகப்பில் பெரிய எழுத்தில் 'சோடியம் குறைந்த உப்பு, இதயத்துக்கு நல்லது' என்று போட்டிருந்தது. மூன்று வருஷமாகச் சோடியத்தையே துரத்திக்கொண்டிருக்கிற கண்ணுக்கு அந்த முதல் வார்த்தை போதுமாயிருந்தது. இரண்டு பொட்டலம் வாங்கிவந்து அண்ணியின் கையில் கொடுத்தாள்.

"இதைத் தாராளமாப் போடலாம் அண்ணி. கெடுதல் கிடையாது" என்றாள். அவள் வாயிலிருந்து அத்தனை உறுதியாக ஒரு வார்த்தை வந்ததில் அண்ணிக்கும் சந்தோஷம்.

அண்ணன் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தான். கடைசியில் ஒரு கசப்பு தட்டுகிறது, பழைய பேட்டரியை நக்கிப் பார்த்தமாதிரி இருக்கிறது என்றான். நீ எதுக்குப் பேட்டரியை நக்கினே என்று அவள் கேட்டாள். பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நாலு நாளில் நாக்கு பழகியது. தட்டு காலியாக ஆரம்பித்தது. அண்ணி கொஞ்சம் கொஞ்சமாகக் கையைத் தாராளமாக்கினாள். பொட்டலம் தீரத் தீர அவளே வாங்கிக்கொண்டாள்.

அந்த மாதத்து இரத்தப் பரிசோதனையில், எப்போதும் நாலரையை ஒட்டியே இருந்த பொட்டாசியம் ஐந்தே முக்காலைத் தாண்டியிருந்தது. டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். வாழைப்பழம், ஆரஞ்சு, தக்காளி, உருளைக்கிழங்கு என்று தவிர்க்க வேண்டியவை வரிசையாக இருந்தன. அதை அண்ணி அடுப்படிச் சுவரில் ஒட்டினாள். ஒரு வாரம் கழித்து மறுபடி இரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தார்.

இரண்டாம் நாள் மாலை விஞ்ஞானி குப்பைக்கூடையில் வாழைப்பழத் தோல் ஒன்றைப் பார்த்தாள்.

அவள் சத்தம் போடுகிறவள் இல்லை. அன்றைக்கும் போடவில்லை. தோலைக் காம்பைப் பிடித்துத் தூக்கி மேசைமேல், அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவில் வைத்தாள். "நான் அங்க ஒவ்வொரு துளியா அளந்து பார்க்கிறேன். இங்க நீங்க இதைக் கொடுத்துட்டிருக்கீங்க. சுவரில் ஒட்டினா போதாது அண்ணி, படிக்கவும் வேணும்."

"நான்தான் சாப்பிட்டேன். கடையில மதியம் சாப்பிட நேரம் கிடைக்கலை" என்றாள் அண்ணி.

விஞ்ஞானி நம்பவில்லை. நம்பவில்லை என்பதை அவள் முகம் சொன்னது. அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் சாப்பிடலைம்மா" என்றான், மெக்கானிக் குரலில் இல்லாமல் ஏதோ பள்ளிக்கூடப் பையன் குரலில். அண்ணி தோலை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் பழமே வாங்கவில்லை. காய்களை இரண்டு தண்ணீரில் வேகவைத்து வடித்தாள். ருசி அடியோடு போய்விட்டது. அதைச் சரிக்கட்ட, கெடுதல் இல்லாத அந்த உப்பை இன்னும் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டாள்.

ஏழாம் நாள் ஆறு புள்ளி மூன்று.

பரிசோதனை நிலையத்திலிருந்தே போன் வந்தது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி. அங்கே அண்ணனை வார்டில் படுக்கவைத்து மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். திரையில் துடிப்பின் ஒவ்வொரு மேடும் கூம்பு மாதிரி கூராக நின்றது. நரம்பில் மருந்து ஏற்றினார்கள். வெள்ளை மாத்திரையை நிறுத்தினார்கள். அண்ணனுக்கு அந்தத் திரை பிடித்துப்போனது. எங்க லிஃப்ட் பேனலைவிட இது தெளிவா இருக்கு என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் தங்கை பக்கம் திரும்பியபோது அவன் கை கட்டில் விளிம்பை இறுகப் பிடித்திருந்ததை அவள் பார்த்தாள்.

மூன்று நாளில் பொட்டாசியம் இறங்கியது. ஆனால் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழ ஆரம்பித்தது. நாலாம் நாள் மறுபடி இரண்டு தலையணை கேட்டான்.

டாக்டர் விளக்கினார். மாத்திரையை நிறுத்தியதும் பொட்டாசியம் இறங்கிவிட்டது. ஆகவே கோளாறு மாத்திரைதான். இந்த உடம்புக்கு அது ஆகாது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது, இனி ஒருபோதும் இதைக் கொடுக்கக் கூடாது என்று கோப்பில் எழுதிவிடுவேன் என்றார். வேறு மாத்திரைகளை வைத்துச் சமாளிக்கலாம், இந்த அளவுக்குப் பலன் இருக்காது. அண்ணன் தலையாட்டினான். டாக்டர் போனபின், "நாற்காலியைத் துடைச்சு வைக்கச் சொல்லு உங்க அண்ணியை" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அந்த நாற்காலியில்தான் அவன் இரண்டு மாதம் தூங்கியிருந்தான்.

மறுநாள் காலை அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். பத்து மணிக்கு வாரக் கூட்டம். அதை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஏற்பாடு. வழக்கம்போலக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு முடிவுகளைக் காட்டியவன் ஆறடி உயரமுள்ள புது மாணவன். எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள். சோடியம் குறைந்த கரைசலில் செல்களை வைத்தால் மருந்து இரண்டு மடங்கு வேகமாக வேலை செய்கிறது என்று கோட்டுப் படம் போட்டுக் காட்டினான். அவனுக்குக் காதுவரை சிரிப்பு.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். யாராவது கரைசலை மாற்றினால் அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கூடத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"குறைச்ச இடத்துல எதை வெச்சே?"

நெட்டை விழித்தான். சோடியம் குளோரைடைக் குறைத்தால் கரைசலின் அடர்த்தி சரிந்துவிடும். அந்த இடத்தில் இன்னொன்றைப் போட்டு நிரப்பியே தீரவேண்டும். கையில் அதுதான் இருந்தது என்று இழுத்தான். பொட்டாசியம் குளோரைடு.

"அப்ப நீ பார்த்தது சோடியம் குறைஞ்சதை இல்லப்பா" என்றார் பேராசிரியை, கோபமில்லாமல். "பொட்டாசியம் கூடினதை. ரெண்டை ஒரே நேரத்துல மாத்திட்டு ஒண்ணு மேல பழியைப் போட்டிருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். நெட்டையும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். விஞ்ஞானி சிரிக்கவில்லை. பச்சைப் பொட்டலத்தின் முகப்பு கண்முன் வந்தது. பின்பக்கத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. அவள் ஒருதரம்கூட அதைத் திருப்பிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் தன் கையால் பொட்டாசியம் குளோரைடை எடைபோடுகிறவள் அவள். பழைய பேட்டரி மாதிரி ஒரு கசப்பு என்று அண்ணன் சொன்னபோது, அது என்ன கசப்பு என்று அந்த வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவள் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரியிலும் ரெண்டும் ஒரே நேரத்தில்தான் மாறியிருந்தன. மாத்திரை நின்றது. வீட்டுச் சாப்பாடும், அதோடு அந்த உப்பும் நின்றது.

கூட்டத்தின் நடுவில் எழுந்தாள். மூன்று வருஷத்தில் அதுவே முதல் தடவை. போகணும் மேடம் என்று மட்டும் சொன்னாள். வழியில் கடைக்குள் நுழைந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் திருப்பினாள். பொடி எழுத்தில் இருந்தது: பொட்டாசியம் குளோரைடு, மூன்றில் இரண்டு பங்கு. அதன்கீழே, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இதய மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்று இன்னும் பொடியாக. கையிலிருந்த சில்லறையை மேசையில் வைத்துவிட்டுப் பொட்டலத்தோடு ஓடினாள்.

வார்டில் டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கோப்பு திறந்திருந்தது. கூடவே இரண்டு இளம் டாக்டர்கள், ஒரு நர்ஸ். அண்ணி மறுபக்கம் நின்றாள். டாக்டர் கடைசியாக ஒருதரம் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: பழம், பழச்சாறு, ஏதாவது கஷாயம்? இல்லை, இல்லை என்று அண்ணி தலையாட்டினாள். அந்த இல்லையை யாரும் நம்பப்போவதில்லை என்று முன்கூட்டியே தெரிந்தவள் ஆட்டுகிற தலை.

விஞ்ஞானி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆறு ஜோடிக் கண்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது. டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

"எழுதாதீங்க" என்றாள்.

குரல் அவளே எதிர்பாராத உயரத்தில் வந்தது. கிட்டே போய்ப் பொட்டலத்தைக் கோப்பின் மேலேயே வைத்தாள், பின்பக்கம் மேலே தெரிய.

"மாத்திரை தப்பில்லை. அண்ணி மேலயும் தப்பில்லை. இந்த உப்பை வாங்கிக் கொடுத்தது நான். தாராளமாப் போடுங்கன்னு சொன்னதும் நான்தான்."

டாக்டர் பொட்டலத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் படித்தார். எவ்வளவு உப்பு செலவாகியிருக்கும் என்று கேட்டார். விஞ்ஞானிக்குத் தெரியவில்லை. அண்ணி கைப்பையைத் திறந்து காலிப் பச்சைப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். அதற்குள் விதவிதமான சட்டைப் பொத்தான்கள் இருந்தன. துணியோடு வருகிற அநாதைப் பொத்தான்களைப் போட்டுவைக்கக் காலிப் பொட்டலங்களைக் கழுவி வைத்துக்கொள்வது அவள் பழக்கம். இதுபோல இன்னும் இரண்டு கடையில் இருக்கிறது, நாலாவது வீட்டில் பாதி என்றாள். ஆறு வாரத்தில், மூன்று பேர். டாக்டர் மனக்கணக்குப் போட்டு உதட்டைக் குவித்தார்.

அதே உப்பை அவளும் அண்ணியும்கூடத்தான் தின்றிருந்தார்கள். அவர்கள் சிறுநீரகம் கூடுதல் பொட்டாசியத்தைச் சத்தமில்லாமல் வெளியே கொட்டிவிட்டது. கதவு மூடியிருந்தது அண்ணனுக்கு மட்டும்தான்.

டாக்டர் நல்ல மனிதர். நான் பழத்தைக் கேட்டேன், உப்பைக் கேட்கவில்லையே என்று தன் தலையிலும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். பேனாவை மூடினார். அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பவில்லை. இன்னும் மூன்று நாள் வைத்திருந்து, பாதி மாத்திரை கொடுத்து, இரண்டு தடவை இரத்தம் பார்த்தார். நாலு புள்ளி ஆறு. மறுபடி நாலு புள்ளி ஆறு. பாதி மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம், வாரம் ஒருதரம் டெஸ்ட் என்றார். கோப்பில் சிவப்பு மையில் ஒரே வரி எழுதினார். அது மாத்திரையைப் பற்றி இல்லை, உப்பைப் பற்றி.

அந்த மூன்று நாளும் அண்ணி அவளிடம் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டையும் போடவில்லை. துணியை மடித்தாள், போர்வை கொண்டுவந்தாள், எத்தனை மணிக்கு வருகிறாய் என்று கேட்டாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று அவள் வாய்விட்டுத் திட்டியிருந்தால் விஞ்ஞானிக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும்.

அண்ணன் வீட்டுக்கு வந்த சாயங்காலம் நாற்காலியைத் தாண்டி நேராகக் கட்டிலுக்குப் போய் நீட்டிப் படுத்தான். ஒரே தலையணை. அண்ணி அடுப்படியில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். விஞ்ஞானி நாலாவது பொட்டலத்தின் மிச்சத்தைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். கரைந்து போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணி கையை நீட்டினாள். விஞ்ஞானி காலிப் பொட்டலத்தைக் கொடுத்தாள். அண்ணி அதைக் கழுவித் தலைகீழாகக் காயவைத்தாள்.

"அன்னைக்கு அந்தப் பழத்தை நான்தான் சாப்பிட்டேன்" என்றாள் அண்ணி, திரும்பாமலே.

"தெரியும் அண்ணி."

"இன்னைக்குத் தெரியுது. அன்னைக்குத் தெரியலையே."

விஞ்ஞானி என் தப்புதான் என்று சொல்ல வாய் எடுத்தாள். ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் முன்னால் வந்த குரல், இந்தச் சின்ன அடுப்படியில் ஒரே ஒருத்தி முன்னால் வரமாட்டேன் என்றது. கண் மட்டும் நிறைந்து வழிந்தது. அண்ணி அடுப்பை அணைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்தாள். இரண்டு வாரத்தில் முதல் பழம்; கடையிலிருந்து வரும் வழியில் வாங்கியிருக்க வேண்டும். உரித்து, நடுவில் ஒடித்து, ஒரு பாதியை நீட்டினாள்.

இரண்டு பேரும் மேடையில் சாய்ந்தபடி சாப்பிட்டார்கள்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. "என்னமோ பழ வாசனை வருதே. எனக்கு?" என்றான் அண்ணன்.

"கிடையாது" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.